தம் ஆலையைத் தாமே துறந்த விஞ்ஞானி

பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியைக் கையாண்ட மாணவர்கள், பொருளை வைக்கும் தட்டின் அடியில், ஒளியைக் குவித்து மேலே அனுப்பும் வில்லைத் தொகுதி ஒன்று இருப்பதைக் கண்டிருப்பர். அவ்வமைப்பை ஆக்கித் தந்தவர் எர்ன்ஸ்ட் அபே என்னும் ஜேர்மானியர். அவர் பேராசிரியர்; பெருந் தொழிற்சாலை ஒன்றின் அதிபருமாவார். அவரைக் கொடைவள்ளல் என்று புகழ்வோர் பலர். அப்பெயரை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

அபே 1840-ஆம் ஆண்டு ஐசனாக் நகரிற் பிறந்தார். தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்கு 14 மணி நேரம், வேலை மிகுந்த காலத்தில் 16 மணி நேரம், இயந்திரத்தின் முன் நின்றபடியே அவர் உழைத்தார். நண்பகல் ஓய்வு என்பது கிடையாது. சிறுவன் அபேயும் அவருடைய சகோதரியும் மாறி மாறி உணவு கொண்டு செல்வர். தந்தையார் இயந்திரத்திற் சாய்ந்து கொண்டே அவசரமாக உண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கணமே வேலைக்குத் திரும்புவாராம். ஆஜானுபாகுவான அம்மனிதர் 48 வயதிலேயே கிழவராகத் தோன்றினார் என்று, 1901-ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவொன்றில் அபே நினைவுகூர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது; எனினும் அந்தக் காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

ஆலை முதலாளியின் உதவியாற் படித்துத் தேறி, யேனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான அபேயை, 1866-இல் அவ்வூர்க் கருவித் தொழிலாளரான கார்ல் சைஸ் நாடி வந்தார். அக்காலத்தில் நுணுக்குக்காட்டி வில்லைகளைக் கணக்கிட்டுச் செய்வார் எவருமிலர். தேய்த்துப் பார்ப்பதும், பொருத்திப் பார்ப்பதும், பொருந்தாவிடின் மீண்டும் தேய்ப்பதுமாகக் கைப்பழக்கத்தாலேயே தொழில் நடந்து வந்தது. கணிதத்தின் துணைகொண்டு இதனைச் செய்ய இயலாதா என்பதே சைஸின் கேள்வி.

அபே கணக்கிட்டுச் செய்வித்த முதல் வில்லைகள், பழைய வில்லைகளிலும் மோசமான உருவத்தையே காட்டின! வேறொருவராயின் கணிதத்தைக் கைவிட்டிருப்பர். அபேயோ, ஏன் அவ்வாறாயிற்று என்று ஆராய்ந்தார். ஒளி அலைகளைப் போதிய அகலத்தில் ஏற்காத வில்லை நுண்ணிய அமைப்புக்களைக் காட்டாது என்பதும், எத்துணைத் திறமையாகச் செய்யினும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டுதல் அவ்வகைக் கருவிக்கு ஆகாது என்பதும் அவ்வாராய்ச்சியாற் புலப்பட்டன. 1873-இல் அவர் வெளியிட்ட இவ்விதி, விஞ்ஞான உலகின் பெருஞ் செல்வங்களுள் ஒன்று. கசரோகக் கிருமியை 1882-இல் உலகுக்கு அறிவித்த றொபேட் கொக் கையாண்ட கருவி, யேனாவில் இவ்வாறு உருவானதேயாகும். புதுவகைக் கண்ணாடி ஆக்குவதில் வல்லவரான ஒட்டோ சொட் என்பவரும் வந்து சேர, தொழில் மேன்மேலும் ஓங்கிற்று. அபே பங்காளியாகிப் பெருந் தனவந்தருமானார்.

1888-இல் சைஸ் மறைந்தார். மறு ஆண்டே அபே ஓர் அறநிலையம் நிறுவி, 1891-இல் தம் பங்கு முழுவதையும் அதற்கு எழுதி வைத்தார். சைஸின் மகனுடைய பங்கும் ஈடு கொடுத்துப் பெறப்பட்டு அதனுடன் சேர்ந்தது. முதலாளி, தம் ஆலையிற் சம்பளம் பெறும் நிர்வாகியானார்.

இதனைத் தானம் என்று சொல்லலாமா? இந்தச் செல்வம் பல்கலைக்கழகத்து விஞ்ஞானத்தாலும் பலருடைய கூட்டுழைப்பாலும் விளைந்தது. ஆகவே தனியொருவருக்கு உரியதன்று என்பது அபேயின் கொள்கை. ஆதலால் அவர் வேண்டியவர்க்கு வேண்டியபோது அள்ளி வழங்கவில்லை. 1896-இல் சட்டமாகவே எழுதி வைத்தார். சம்பளத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், இலாபத்திற் பங்கு, காரணமின்றி விலக்கப்படின் நட்டஈடு ஆகியவை தொழிலாளரின் உரிமைகளாயின. மேலதிகாரியின் சம்பளம் தொழிலாளரின் சராசரி வருமானத்திற் பத்து மடங்கை மிஞ்சலாகாது. குலமோ சமயமோ கட்சியோ பார்த்து எவரையும் நியமித்தலாகாது. யேனா பல்கலைக்கழகத்துக்கும் பெரும் பொருள் சென்றது.

வேலை நேரத்தையும் அவர் வில்லையைப் போலவே கணக்கிட்டுத்தான் குறைத்தார். 1900-இல் ஒன்பது மணி நேரத்தை எட்டாக்கிய பின், செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறும் 233 தொழிலாளரின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேர வருவாய் நூற்றுக்குப் பதினாறு வீதம் உயர்ந்திருந்தது. அதாவது எட்டு மணி நேரத்தில், முன்னர் ஒன்பதிற் செய்ததிலும் சற்று அதிகமாகவே வேலை முடிந்திருந்தது. மனிதாபிமானம் பேசுவோரைத் தொழிலதிபர்கள் ஏளனஞ் செய்யலாம். இலக்கங்களை ஏளனஞ் செய்வது எளிதன்று.

அபே 1905-இல் காலமானார். சைஸ், சொட் ஆகிய பெயர்களில் இயங்கும் இரு பெருங் கம்பனிகளும் இன்றும் அந்த அறநிலையத்துக்கே சொந்தம். அதன் பெயரில் அபே இல்லை. கார்ல் சைஸ் அறநிலையம் என்றே அவர் அதற்குப் பெயரிட்டிருந்தார்.