எங்கள் ஹட்டியின் தேயிலை நிலம்

நீலகிரி என்றவுடன் நேயர்களுள் பலருக்கு உதகையின் பூங்காவும் ஏரியுமே நினைவுக்கு வரும். சாலையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் தேயிலையைக் கண்டு, இவை யாவும் பெரிய கம்பெனிகளின் எஸ்டேட்டுகள் என்று எண்ணிச் செல்வாரும் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு உரியது என்று சொன்னால் வியப்படைவார்கள். அத்தகைய படகர் குடிகள் வாழும் ஊருக்கு ஹட்டி என்று பெயர். கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் பிறந்தவன் நான். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், பட்டாவைப் பற்றியும் நில அளவையைப் பற்றியும் இப்போது புதிதாகப் பாடம் படித்து வருகிறேன். அது ஏன் என்பதையே இன்று சொல்லப் போகிறேன்.

ஹட்டியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். வரிசைக்கு முன்னே பொதுவான முற்றம். நிலமோ ஊரைச் சுற்றிச் சரிவுகளில் கிடக்கும். என் பாட்டனார் காலத்தில் அதில் சாமை, கேழ்வரகு, பார்லி முதலியன விளைந்தன. பிறகு உருளைக்கிழங்கு வந்தது. 1961ஆம் ஆண்டில், கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு நீலகிரியில் கண்டறியப்பட்டது. கிழங்கை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அஞ்சியவர்கள் தேயிலையின் பக்கம் திரும்பினார்கள். கேத்தியில் 1835ஆம் ஆண்டிலேயே தேயிலையைச் சோதனையாக நட்டுப் பார்த்திருந்தார்கள். எனினும் நெடுங்காலம் அது வெள்ளைக்காரத் துரைமார்களின் பயிராகவே இருந்தது. எங்கள் தந்தையார் நட்டது 1967இல். நாற்றுக் கூடையைச் சுமந்து சென்றவள் என் அக்கா. அவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தேயிலை வந்ததனால் நிலத்தின் தன்மையே மாறிற்று. இதைச் சற்று விளக்க வேண்டும். கேழ்வரகுக் கொல்லை அறுவடை முடிந்ததும் வெறுந்தரையாகிவிடும். அண்ணன் தம்பிகள் கயிற்றைப் பிடித்து அளந்து பிரித்துக்கொள்ளலாம். தேயிலைச் செடியோ நட்டால் ஐம்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் நின்று பயன் தருவது. மூன்றாம் ஆண்டில் கொழுந்து எடுக்கத் தொடங்கினால், அதன்பின் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்யவேண்டும். செய்தால் சில மாதங்களுக்கு அந்தப் பகுதியில் வருமானம் இராது. ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் பனியில் கருகியும் இருக்கும். இலைச்சாக்கைச் சாலைக்குச் சுமந்து வரும் ஒற்றையடிப் பாதையோ ஒன்றே. இத்தகைய தோட்டத்தைக் கத்தரித்தாற்போல மூன்று துண்டாக்குவது எளிதன்று.

ஆகவே என் தந்தையாரும் சிற்றப்பன்மார் இருவரும் வாயாலேயே பாகம் செய்துகொண்டார்கள். மேலேயுள்ள சில்வர் ஓக் மரம் வரை ஒருவருக்கு; அங்கிருந்து பாறை வரை மற்றவருக்கு; பாறைக்குக் கீழே ஓடை வரை இளையவருக்கு. மொத்தம் நான்கு ஏக்கர் எண்பது சென்ட். 1979ஆம் ஆண்டில் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, மூவர் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாகவே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பட்டாவைப் பிரித்தால் உறவும் பிரிந்ததாக ஊரார் பேசுவார்கள் என்ற கூச்சமே காரணம். அந்தப் பாகத்தை அவர்கள் இறக்கும்வரை யாரும் மீறியதில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இலைக்கு விலை இருந்த காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. குந்தாவில் 1962இல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. குன்னூரில் 1963இல் ஏல மையம் வந்தது. சுமார் நாலேகால் கிலோ பச்சை இலை வாடினால் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும்; அந்தத் தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்ததே எங்கள் இலையின் விலை. எங்கள் தூளைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் நாடு 1991இல் கலைந்தது. அதன் பின்னும் சில ஆண்டுகள் விலை தாங்கி நின்றது; 1998க்குப் பின் சரிந்தது. பறிக்கும் கூலிக்கே இலைப்பணம் போதாத மாதங்களைக் கண்டோம். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போனார்கள். ஹட்டியில் பூட்டிய வீடுகள் தோன்றின. பலர் அனுமதி பெற்றுத் தோட்டத்து மரங்களை விற்றார்கள். எங்கள் எல்லையாக நின்ற சில்வர் ஓக் மரமும் அப்படித்தான் போயிற்று. 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. மலையெங்கும் மண் சரிந்தது. எங்கள் கீழ்ச்சரிவும் இறங்கி, ஓடை தன் வழியை மாற்றிக்கொண்டது. எஞ்சியது பாறை ஒன்றுதான். மரம் நின்ற இடம் இன்னதென்று அறிந்தவர் இன்று இருவர்: நானும் என் அக்காவும்.

அக்காவுக்கு 1974இல் மணமாயிற்று. ஒன்பது ஆண்டுகளில் கணவரை இழந்து பிறந்தகம் திரும்பினாள். தந்தையார் 1994இல் மறைந்த பிறகு, எங்கள் பாகமாகிய ஓர் ஏக்கர் அறுபது சென்டில் களை எடுத்ததும் கொழுந்து பறித்ததும் அவளே. நான் சம்பளம் வாங்கினேன். அவள் தோட்டத்தைக் காத்தாள். ஆனால் எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நிலத்தில் பங்கு இல்லை. இருக்க வீடும் உண்ண உணவும் உண்டு, அவ்வளவே.

சட்டம் இதில் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. ஆயினும் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கிவிட்டது. அக்கா அந்த விலக்கில் அகப்பட்டாள். 2005ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தத்தில் அவ்விலக்கு இல்லை. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. வாயால் பாகம் நடந்தது என்ற பேச்சை மட்டும் எளிதில் ஏற்க இயலாது, பொது ஆவணச் சான்று வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மகளிர் உரிமை பற்றி வகுப்பறையில் ஆண்டுதோறும் பேசியவன், வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருந்தேன்.

கூட்டுப் பட்டாவினால் வேறு இடர்களும் உண்டு. சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவில் பெயர் எங்கே என்கிறார்கள். 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் உழவர் நிதிக்கும் நில ஆவணத்தில் பெயர் வேண்டும். உண்மையில் உழுது பாடுபடுபவர் பெயரோ அதில் இல்லை. இறந்தவர்கள் பெயர் இருக்கிறது. இதற்கு வழி நேரானதே. வாரிசுச் சான்று பெற்று, எல்லோரும் கையொப்பமிட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, நில அளவர் உட்பிரிவு செய்தால் தனிப்பட்டா கிடைக்கும். வழி நேரானதாயினும் ஆட்களைச் சேர்ப்பதே பாடு. எங்கள் மூன்று கிளைகளில் இப்போது ஒன்பது வாரிசுகள்.

சிற்றப்பன் மகன் ஒருவன் என்னிடம், "அண்ணா, எழுதாமலே இருந்தால் எல்லோருக்கும் இருக்கும். எழுதப் போனால்தான் யாருக்கு எவ்வளவு என்று கணக்கு வரும்" என்றான். அவன் கெட்டவன் அல்லன். அவனுக்கும் உடன்பிறந்த பெண்கள் இருவர் உண்டு. அவன் அச்சம் அதுதான். நீங்களும் நானும் இறந்தபின் நம் பிள்ளைகள் எந்த மரத்தைக் காட்டுவார்கள் என்று கேட்டேன். அதற்கு அவன் விடை சொல்லவில்லை.

சென்ற மாதம் நாங்களே முன்னோடியாக ஒருமுறை அளந்து பார்த்தோம். முக்கோணத்தின் பரப்பளவைப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்த நான், சொந்த நிலத்தில் நாடாவைப் பிடித்தது அதுவே முதல் தடவை. மரம் நின்ற இடமென்று நான் காட்டியதை அக்கா மறுத்தாள். "அங்கே இல்லை தம்பி, இரண்டு வரிசை மேலே" என்றாள். செடிகளை விலக்கிப் பார்த்தோம். உளுத்துப்போன அடிக்கட்டை அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அவ்விடத்தில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு பூசினோம். ஒன்பது பேரில் எழுவர் கையொப்பமிட இசைந்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் இருவர் ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.