11 காசு விஞ்ஞானம்

விஞ்ஞானியின் சமூகப் பொறுப்பை எதைக் கொண்டு அளப்பது? 1971இல் ஒரு கல்கத்தா டாக்டர் விட்டுச்சென்ற கணக்கு இன்றும் பதில் சொல்கிறது.

1971 ஜூன் கடைசி வாரம். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த அகதிகளால் நிரம்பி வழிந்தது மேற்கு வங்க எல்லை ஊரான பன்காவ். முகாம்களில் காலரா. ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கென்று இருந்தவை இரண்டு அறைகள், 16 கட்டில்கள். மற்றவர்கள் தரையில், வாந்திக்கும் பேதிக்கும் நடுவே கிடந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ், அந்தக் கழிவிலேயே முழங்காலிட்டு நோயாளிகளுக்கு செலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே செலைன் தீரத் தொடங்கியது. ஊசி குத்தத் தெரிந்த கைகளும் போதவில்லை.

அவர் கையில் இருந்தது ஒரு ஆராய்ச்சி முடிவு மட்டும்தான். குளுகோஸ் சேர்ந்திருந்தால், காலரா தாக்கிய குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த சோதனைகள் இதைக் காட்டியிருந்தன. ஆனால் அவை டாக்டர்களின் நேரடிக் கண்காணிப்பில், ஆஸ்பத்திரிக்குள் நடந்தவை. முகாமில், எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கையில் இதைக் கொடுக்கலாமா? மருத்துவ உலகில் தயக்கம் இருந்தது. தவறினால் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழும்.

மகாலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாதா உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தா மையத்தின் நூலக அறையிலேயே பொட்டலங்கள் தயாராயின. பிளாஸ்டிக் பைகளின் வாயை ஒட்டியது சூடான இஸ்திரிப் பெட்டி. முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைசல் நிரப்பப்பட்டது. தாயோ அண்ணனோ குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 காசு.

அதற்கு முன் முகாம்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்த முறையில் எட்டு வாரங்களில் சிகிச்சை பெற்றவர்கள் 3,700க்கும் அதிகம். இறப்பு விகிதம் 3.6 சதவீதம். விஞ்ஞானக் கறாரோடு பார்த்தால் இது முழுமையான சோதனை அல்ல. ஒரு பிரிவுக்குக் கொடுத்து மறு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட அங்கே மனசாட்சி இடம் தரவில்லை. ஆனாலும் எண்ணிக்கை எழுதி வைக்கப்பட்டது, 1973இல் கட்டுரையாக வெளிவந்தது. முகாமை நேரில் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா இந்த முறைக்காக வாதாடினார். 1978இல் 'லான்செட்' இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. யாரும் காப்புரிமை கேட்கவில்லை. இன்று எந்த மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். கிடைக்கிறது.

இந்தியாவில் இப்போது விஞ்ஞானியின் சமூகப் பொறுப்புக்கு ஓர் அரசு அளவுகோல் இருக்கிறது. 2022 மே மாதம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒவ்வொரு விஞ்ஞானியும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்களாவது தன் அறிவைச் சமூகத்துடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் நாட்களை எண்ணுவது சுலபம். அந்த நாட்களால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதை எண்ணுவதுதான் கடினம்.

ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற பழைய அளவுகோலும் ஏமாற்றக்கூடியது. காலராவின் நஞ்சைக் கண்டறிந்து 1959இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. பல ஆண்டுகள் கழித்தே உலகம் அவரைக் கவனித்தது. மகாலனாபிஸுக்கு பத்ம விபூஷண் கிடைத்ததும் 2023இல், 87 வயதில் கொல்கத்தாவில் காலமான பிறகுதான். 5 கோடிக்கும் அதிகமான உயிர்களை ஓ.ஆர்.எஸ். காப்பாற்றியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது என்றது அப்போதைய அரசு அறிவிப்பு.

விருதையும் நினைவஞ்சலியையும் தள்ளி வைத்துவிட்டு, பன்காவ் முறையிலேயே கணக்குப் பார்த்தால் இன்னொரு எண் கண்ணில் படுகிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 50.6 சதவீதம். 2019-21இல் அது 60.6 ஆக உயர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனால் கண்டுபிடிப்புக்கு அரை நூற்றாண்டு ஆன பிறகும், பத்துக் குழந்தைகளில் நான்கு பேருக்கு அந்தக் குவளை போய்ச் சேரவில்லை. அவர்களுக்கு இனி புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.