70 வளைவு... 1,000 படி... கொல்லிமலைக்கு உங்க உடம்பு ரெடியா?

போன வருஷம் டிசம்பர் மாதம். சாயங்கால நேரத்தில் ஒரு குடும்பமே என் கிளினிக்கிற்குள் நுழைந்தது. அப்பாவுக்கு 56 வயசு, வங்கி அதிகாரி. அம்மாவுக்கு முழங்கால் வலி. பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம்.

"டாக்டர், பொங்கல் லீவுக்குக் கொல்லிமலை போறோம். அங்கே முடவாட்டுக்கால் சூப் குடிச்சா முட்டிவலி பறந்துடுமாமே... உண்மையா?" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா.

"நான் பாறை ஏறப் போறேன் டாக்டர்!" என்றான் பையன்.

அப்பா மட்டும் பேசவில்லை. அவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன சார்?" என்றேன். "எனக்கென்ன... சுகர், பி.பி. மாத்திரை சாப்பிடறேன். மத்தபடி ஒண்ணுமில்லே" என்றார்.

இந்த 'ஒண்ணுமில்லே'தான் எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு வயிற்றைக் கலக்கும் வார்த்தை! இரண்டு மாடி ஏறினால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நெஞ்சை லேசா அடைக்கிற மாதிரி இருக்கும். நின்னா சரியாயிடும். வாயு சார்... சாப்பிட்டவுடனே ஏறினா ஜாஸ்தி" என்றார். மனைவிக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

ஏறும்போது அடைத்து, நின்றால் விடுகிற வலியை வாயு என்று ஒதுக்கக் கூடாது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான முதல் மணியாக அது இருக்கலாம். சூரணம் எதுவும் எழுதித் தராமல், அன்றைக்கே இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் வீட்டிலும் மலைப்பயணத் திட்டம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இறக்கம் முதலில்... ஏற்றம் பிறகு!

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கொல்லிமலை. ஊர்கள் இருக்கும் மேல்பரப்பு சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பொருள்.

இந்த உயரத்தில் மூச்சுத் திணறுமோ என்ற பயம் வேண்டாம். உயரத்தால் வரும் நோய், பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆனால் குளிர் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஆஸ்துமா, சைனஸ்காரர்கள் ஸ்வெட்டரையும் இன்ஹேலரையும் மறக்கக் கூடாது.

உண்மையான பரீட்சை ஆகாய கங்கை அருவியில் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கித்தான் அருவியைப் பார்க்க வேண்டும். பழனி, திருத்தணியில் முதலில் ஏறுவோம். முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே நிலைமை தலைகீழ். இறங்கும்போது ஜாலியாக இருக்கும். குளித்து, களைத்து, பசித்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்கும்! 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று கீழே வரை போய்விட்டு, நடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தூக்கிக்கொண்டு ஏற ஆள் வேண்டும். வண்டி வராது.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு படி இறங்கியதும் திரும்பி ஐம்பது படி ஏறிப் பாருங்கள். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் தொடரலாம். பேச்சு அறுந்து மூச்சு வாங்கினால், அத்தோடு திரும்பிவிடுங்கள். அருவி எங்கேயும் ஓடிப் போகாது.

நாலு வாரத் தயாரிப்பு

முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் சமதரையில் நடை. இரண்டாம் வாரம் அதோடு மாடிப்படி ஐந்து முறை. மூன்றாம் வாரம் பத்து முறை. நான்காம் வாரம், கொண்டுபோகும் பையையும் அதே செருப்பையும் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குங்கள். புதுச் செருப்பை மலையில் திறப்பு விழா செய்யாதீர்கள்!

இறங்கும் பயிற்சிதான் முக்கியம். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல் மூன்று, நான்கு மடங்கு பாரம் விழுகிறது. தொடைத் தசை பழகியிருந்தால் அந்தப் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் முட்டி வாங்கும். கையில் ஒரு கம்பு இருந்தால் இன்னும் நல்லது.

40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஏறும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் உடனே குளுக்கோஸோ இனிப்போ வாயில் போட வேண்டும். வெறுங்காலோடு பாறையில் நடக்கவே கூடாது. 'மலைக்காற்றே மருந்து' என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

70 வளைவும் வயிற்றுப் புரட்டலும்

காரவள்ளியிலிருந்து சோளக்காடு போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கண் பார்ப்பது ஒன்று, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வது வேறொன்று. இரண்டும் ஒத்துப் போகாததால்தான் வாந்தி வருகிறது. முன் ஸீட்டில் உட்காருங்கள். தூரத்தைப் பாருங்கள். செல்போன் பார்ப்பதும் புத்தகம் படிப்பதும் கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். இஞ்சித் துண்டைத் தேனில் ஊறவைத்து எடுத்துப் போனால் பலருக்குக் கேட்கிறது.

முடவாட்டுக்கால் ரகசியம்

இது கிழங்கே அல்ல. பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. ரோமத்தோடு ஆட்டுக்கால் போலவே இருக்கும். மிளகு, சீரகம் தட்டிப் போட்டு மலையில் சூடாக சூப் வைத்துத் தருவார்கள். மூட்டு வலிக்கு நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளதுதான். வீக்கத்தைக் குறைக்கும் தன்மை இருப்பதாக விலங்குகளில் செய்த ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் ஒரு டம்ளர் சூப்பில் தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடாது. "குடிங்கம்மா, ருசியா இருக்கும். அதை நம்பி ஆயிரம் படி இறங்காதீங்க" என்றுதான் அந்த அம்மாவிடம் சொன்னேன். மூட்டை மூட்டையாக வாங்கியும் வராதீர்கள். பெயர்த்தெடுத்தால் அந்தப் பாறையில் மறுபடி வளர வருஷக் கணக்காகும்.

இன்னொன்று. இது கோரக்கர், காலாங்கிநாதர் குகைகள் இருக்கும் மலை. 'சித்தர் மூலிகை' என்று யாராவது இலையைப் பறித்து நீட்டினால் வாயில் போடாதீர்கள். மூலிகைக்கும் விஷச் செடிக்கும் ஓர் இலை வித்தியாசம்தான். படித்த நாங்களே பூவையும் காயையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம்.

பாறை ஏறும் தம்பிகளுக்கு...

கயிறில்லாமல் குறைந்த உயரப் பாறைகளில் ஏறும் விளையாட்டு இப்போது பிரபலம். பாரிஸுக்கு அருகில் உள்ள ஃபோன்தேன்ப்ளூ காட்டில் வேர்விட்டது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. நம் பக்கத்தில் இதற்குப் பேர்போன இடம் கர்நாடகத்து ஹம்பி. கீழே தடித்த மெத்தை, விழுந்தால் தாங்கிவிட நண்பர்கள், இறங்கும் வழியைப் பார்த்துவிட்டு ஏறுதல்... இந்த மூன்றும் இல்லாமல் பாறையைத் தொடாதீர்கள். கணுக்கால், மணிக்கட்டு, விரல் தசைநாண் இவைதான் அதிகம் அடிபடும்.

அருவிப் பக்கத்துப் பாறைகள் பாசி பிடித்தவை. மாணவனாக மூலிகை பார்க்கப் போன காலத்தில் நானே ஒரு பாசிப் பாறையில் வழுக்கி, மூன்று வாரம் கால் கட்டோடு கிடந்தேன். மலைத்தேனீக் கூடு தெரிந்தால் கூச்சலும் வேண்டாம், புகையும் வேண்டாம். சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவக் கூடாது. குளிர்ந்த ஒத்தடம், கட்டு, ஓய்வு. ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை மறக்க முடியுமா? மழை நாளில் அருவிக்குப் போகாதே என்று தடுத்தால், வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

சரி... அந்த வங்கி அதிகாரி?

பரிசோதனையில் இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு! பொங்கலுக்கு மலைக்குப் போகவில்லை. ஸ்டென்ட் வைத்து, நடைப்பயிற்சி ஆரம்பித்து, இதய டாக்டர் சம்மதித்த பிறகு ஆறேழு மாதம் கழித்துப் போனார்கள். பையன் மெத்தை கிடைக்காததால் பாறை ஏறவில்லையாம். நல்ல பிள்ளை! அருவிக்கு அவன் மட்டும் இறங்கினான். அப்பாவும் அம்மாவும் கோயில் வாசலில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் சூப் குடித்தார்களாம்.

திரும்பி வந்து, மலைவாழைப்பழம் ஒரு சீப்பை என் மேஜைமேல் வைத்தார். "அருவியைப் பார்க்கலே டாக்டர். சத்தம் மட்டும் கேட்டுது" என்றார்.

"போதும் சார். அடுத்த தடவை சத்தம் கேட்க நீங்க இருக்கணுமில்லே!" என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.