எலிக் காய்ச்சலும் நமது அசிரத்தையும்

மழைக்காலம் வந்துவிட்டால் டோல்கேட் வட்டாரத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்குவது புதுமையன்று. துறைமுகக் கூலிகளும், தொழிற்சாலைக்கு விரைவோரும், பள்ளிச் சிறுவரும் முழங்கால் நீரிலேயே நடக்கின்றனர். தேங்கிய நீரால் கொசு பெருகுமென்பதை யாவரும் அறிவர். அந்நீரே காலிலுள்ள சிறு புண்ணின் வழியாக ஒரு கொடிய வியாதியைத் தேகத்தினுள் புகுத்தக்கூடும் என்பதை அறிந்தவர் சிலரே. எலிக் காய்ச்சல் என்பது அதுவே. வைத்தியர்கள் லெப்டோஸ்பைரோஸிஸ் என்பர்.

எலி, நாய், மாடு, பன்றி முதலியவற்றின் மூத்திரத்தில் வெளிப்படும் கிருமியே இதற்குக் காரணம். இதன் கடுமையான நிலையை 1886-ல் ஜெர்மானிய வைத்தியர் வைல் விவரித்தார். நமது நகரத்திற்கும் இது அந்நியமன்று. 1990-களிலேயே டாக்டர் முத்துசேதுபதி, டாக்டர் சிவகுமார் முதலிய சென்னை வைத்தியர்கள் இதனால் சிறுநீரகம் பழுதுற்றோரைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர்.

குளிருடன் திடீர் ஜுரம், தலைநோவு, தொட முடியாதபடி கெண்டைக்கால் வலி, பீளையின்றிக் கண் சிவத்தல் ஆகியவை முதற் குறிகள். பத்தில் ஒன்பது பேருக்கு வியாதி இவ்வளவில் தணியும். எஞ்சியோருக்கே விபத்து. கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், மூச்சுத் திணறும், இருமலில் இரத்தம் வரும். கடுமையாகப் பீடிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மடிகின்றனர். நுரையீரலில் இரத்தம் கசிந்துவிட்டாலோ, பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதரிது. ஆயினும், பழுதுற்ற சிறுநீரகம் டயாலிஸிஸ் சிகிச்சையின் உதவியால் பெரும்பாலோருக்கு மீண்டும் பழைய நிலையை அடைகிறது என்பது ஆறுதலான விஷயம்.

இவ்வளவு தூரம் முற்றவிடுவானேன் என்பதே நமது கேள்வி. ஆரம்பத்திலேயே கொடுத்தால் டாக்ஸிஸைக்ளின் என்னும் மலிவான மாத்திரையே பெரும்பாலும் போதும். ஆனால் தினக்கூலி பெறுவோன் ஒரு நாள் வேலையை விட்டால் அன்று வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே கடையில் ஜுர மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறான். கண் மஞ்சளான பின்னரும் காமாலைதானே என்று பச்சிலை தேடுகிறான். ராயபுரத்தருகே ஸ்டான்லி ஆஸ்பத்திரியும், தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருந்தும், அவன் வாசலை மிதிப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜுரத்துடன் வருவோனை, "தண்ணீரில் நடந்தாயா? என்ன தொழில் செய்கிறாய்?" என்று கேட்டல் வேண்டும். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை பலனளிக்காமற் போவதுண்டு. சந்தேகம் வலுத்தால் அதன் முடிவுக்குக் காத்திராது சிகிச்சை தொடங்குவதே முறை.

திருவொற்றியூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. வரி செலுத்துவதில் சமமாயுள்ள ஜனங்கள் வடிகாலிலும் குப்பை அகற்றுவதிலும் சமத்துவம் கோருவது பிச்சையன்று, உரிமை. சாக்கடையருகே வேலை செய்வோருக்கு முழங்கால் வரை காலுறையும் கையுறையும் அளிப்பது முதலாளிகளின் தர்மமன்று, கடமை.

எலியை நாம் அடியோடு ஒழிக்க இயலாது. ஆனால் ஒரு வாரத் தாமதத்தால் ஓர் உயிர் போவதை விதியென்று சொல்லிக் கைகழுவ நமக்கு நியாயமில்லை. ஜுரத்துடன் கால் நோகிறதா? இன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நாளைக்கென்று வைக்க வேண்டாம்.