கம்பெனி மூழ்கியது, கைத்தொழில் கரையேறியது!

வல்லார்பாடம் கண்டெய்னர் துறைமுகம். ராட்சத கிரேன்கள் கப்பலிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டிருக்கின்றன. சாலையோரம் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. முறை வரும்வரை டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் டீக்கடைதான் புகலிடம். தமிழ்நாட்டுக் கிளீனர் பையன் ஒருவன் பெஞ்சில் அமர்ந்து செல்போனில் விமானம் ஓட்டுகிறான். திரை முழுவதும் குண்டு மழை. இடுக்குகளில் புகுந்து புகுந்து விமானத்தைக் காப்பாற்றுகிறான்.

அந்தக் குண்டு மழைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் இருந்த "டோவாபிளான்" என்ற சின்னக் கம்பெனியே அது. விளையாட்டுத் தொழிலில் அது நிலைத்தது பத்தே ஆண்டுகள். இந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே, 1994ல் மூடப்பட்டுவிட்டது. பெயர் தெரியாவிட்டாலும் அதன் சரக்கை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறிவார்கள். கம்ப்யூட்டர் சென்டர்கள் பெருகிய காலத்தில் பையன்கள் மொய்த்துக் கிடந்த "ஸ்னோ பிரதர்ஸ்" நினைவிருக்கிறதா? இரண்டு பனிப் பொம்மைகள் எதிரிகள் மேல் பனியை எறிந்து, உருண்டையாக்கி, உருட்டி விடுமே! அது 1990ல் டோவாபிளான் செய்ததுதான்.

காசு போட்டால் ஆட்டம்

ரயில் நிலையங்களில் காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரத்தை அறியாதவர் இல்லை. ஜப்பானில் அதுபோலவே காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் வந்தன. பீரோ போன்ற பெட்டி. நடுவில் டெலிவிஷன் திரை. கீழே கைப்பிடியும் பொத்தான்களும். நூறு யென் நாணயம் ஒன்று போட்டால் ஓர் ஆட்டம். 1978ல் டைட்டோ கம்பெனி வெளியிட்ட "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" ஜப்பானையே கிறுக்குப் பிடிக்க வைத்தது. அதைப் பார்த்துச் சின்னச் சின்னக் கம்பெனிகள் மழைக்குப் பிந்திய காளான்களைப் போல முளைத்தன. வந்த வேகத்திலேயே பல மறைந்தன.

அப்படி மறைந்தவற்றில் "ஆர்கா" ஒன்று. அங்கே வேலை போனவர்களில் சிலர் "குருக்ஸ்" என்ற இடத்தில் சேர்ந்தார்கள். ஹெலிகாப்டர் பறந்து சுடும் "ஜைரோடைன்" என்ற ஆட்டத்தை 1984ல் செய்தார்கள். குருக்ஸும் நொடித்தது. இரண்டாவது முறையும் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

தொழிலை மட்டும் விடவில்லை. 1979ல் தொடங்கப்பட்டிருந்த டோவாபிளானில் 1984ல் விளையாட்டுப் பிரிவு ஏற்பட்டது. அதை அமைத்தவர்கள் இந்தப் பழைய கூட்டத்தினரே.

புலியும் சுறாவும்

1985ல் "டைகர் ஹெலி" வெளிவந்தது. மறுபடியும் ஹெலிகாப்டர்தான். ஆனால், முந்தைய இடத்தில் கற்ற பாடம் இதில் இருந்தது. ஹெலிகாப்டரின் இரு பக்கமும் இரண்டு பெரிய குண்டுகள் தொங்கும். எதிரிகள் சூழ்ந்து கொண்டால் ஒன்றை வெடிக்கலாம். சுற்றிலும் உள்ளவை அழியும். இக்கட்டில் சிக்கியவனுக்கு ஒரு கடைசி வழி! ஆட்டக்காரர்களுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று.

விற்பனைக்கு ஆளோ கிளைகளோ இல்லாத கம்பெனி. எனவே, தொடக்க காலத்தில் பெரிய கம்பெனியான டைட்டோ இவர்களின் சரக்கை வாங்கி விற்றது. 1987ல் "பறக்கும் சுறா" என்று பொருள்படும் ஆட்டம் வந்தது. அதே ஆண்டில் டைகர் ஹெலியின் தொடர்ச்சியும் வந்து சக்கைப்போடு போட்டது. 1988ல் வந்தது "டாட்சுஜின்". தொழிலில் கைதேர்ந்தவன் என்று அதற்குப் பொருள். 1991ல் வந்த ஓர் ஆட்டத்துக்கு "விமானா" என்றே பெயர் வைத்தார்கள். நம் நாட்டுச் சொல் டோக்கியோவின் விளையாட்டுக் கூடத்தில் ஒளிர்ந்தது!

பாட்டும் அவரே, கணக்கும் அவரே

சின்னக் கம்பெனியில் ஒருவரே பல வேலை பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். டோவாபிளானிலும் அப்படியே. டாட்சுஜின் ஆட்டத்தைத் திட்டமிட்ட மசாஹிரோ யூகேதான் அதற்கு இசையும் அமைத்தார். புரோகிராம் எழுதிய டட்சுயா உவெமுராவும் இசையமைப்பாளரே.

ஆனால், அன்றைய ஜப்பானியக் கம்பெனிகள் பலவற்றில் ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரைத் திரையில் போட அனுமதி கிடையாது. போட்டாலும் புனைபெயர்தான். பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனி ஆளை இழுத்துக் கொள்ளும் என்ற பயம்! லட்சக்கணக்கானோர் ஆடினார்கள், செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஸ்னோ பிரதர்ஸ் போன்ற ஆட்டங்களின் எலெக்ட்ரானிக் பலகைகளைப் பார்த்துப் போலிகள் செய்து விற்றார்கள். ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது. அந்தக் காசு டோக்கியோவுக்குப் போய்ச் சேரவில்லை.

மாறிய காற்று

விமானம் சுடும் ஆட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. கை தேறியவன் ஒரே நாணயத்தில் நெடுநேரம் ஆடுவான். அவன் ஆடும்வரை கடைக்காரருக்கு வேறு வரும்படி இல்லை. இதற்காக ஆட்டத்தைக் கடினமாக்கினால் புதியவன் கிட்டவே வரமாட்டான்.

1991ல் காப்காம் கம்பெனி "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" என்ற சண்டை ஆட்டத்தை வெளியிட்டது. இருவர் எதிரெதிராக மோத வேண்டும். சில நிமிடங்களில் ஒருவன் தோற்பான்; ரோஷத்துடன் அடுத்த நாணயத்தைப் போடுவான். கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! விமான ஆட்டப் பெட்டிகள் மூலைக்குப் போயின. சண்டைப் பெட்டிகள் முன்வரிசைக்கு வந்தன. டோவாபிளானும் 1993ல் கைச்சண்டை ஆட்டம் ஒன்றைச் செய்து பார்த்தது. அது எடுபடவில்லை.

இந்த மாதிரிக் காற்று கொச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் கப்பல் சரக்கு தோணிகளில் வந்து இறங்கியது மட்டாஞ்சேரியில்தான். பிரிஸ்டோ துரை முகத்துவாரத்தை ஆழப்படுத்தி 1928ல் பெரிய கப்பலை உள்ளே கொண்டு வந்தார். பிறகு வியாபாரம் வில்லிங்டன் தீவுக்கு மாறியது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறந்ததும் கண்டெய்னர் வேலை அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தது. வேலை செய்தவன் குற்றம் எதுவும் இல்லை. துறை மாறியது, அவ்வளவுதான். ஆனால், அவன் வீட்டு அடுப்புக்கு அது தெரியுமா?

கடைசி ஆட்டம்

1993ல் "பாட்சுகன்" என்ற ஆட்டம் வெளிவந்தது. எதிரிகள் விடும் குண்டுகள் திரைச்சீலை விரித்தாற்போல வரும். அவற்றின் இடைவெளியில் நுழைந்து தப்புவதே ஆட்டம். இதை ஜப்பானியர் "டான்மாக்கு", அதாவது குண்டுத் திரை என்கிறார்கள். இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியாகப் பலரும் சொல்வது பாட்சுகனைத்தான். ஒரு புதுவழியைத் திறந்துவிட்ட மறு ஆண்டே, 1994ல், டோவாபிளான் திவாலாயிற்று.

மூன்றாவது முறையாகக் கதவு சாத்தப்பட்டது. ஆனால், கைத்தொழில் சாகவில்லை. அங்கிருந்தவர்களில் சிலர் அதே ஆண்டில் "கேவ்" என்ற கம்பெனியை உருவாக்கினார்கள். பாட்சுகனில் வேலை பார்த்த சுனேகி இக்கேடா அங்கே 1995ல் "டோன்பாச்சி" செய்தார். 1997ல் அதன் தொடர்ச்சி பெரும் புகழ் பெற்றது. வேறு சிலர் ரைசிங், கசெல், டகுமி ஆகிய கம்பெனிகளுக்குப் போனார்கள். தாய்க் கம்பெனி செய்ததைவிட அழகான குண்டுத் திரைகளை அவர்கள் நெய்தார்கள். கிளீனர் பையனின் செல்போனில் பெய்யும் மழை அந்த வழியில் வந்ததே.

இன்னொரு வேடிக்கை. 1989ல் டோவாபிளான் வெளியிட்ட "ஜீரோ விங்" ஆட்டத்தை வீட்டில் ஆடும் கருவிக்கு மாற்றியபோது, யாரோ தாறுமாறான ஆங்கிலத்தில் வசனம் எழுதிவிட்டார்கள். 2001ல் அந்தப் பிழை வாக்கியம் இண்டர்நெட்டில் உலகம் முழுவதும் பரவிச் சிரிப்பாய்ச் சிரித்தது. பத்தாண்டு உழைப்புக்குக் கிடைக்காத பெயரை ஒரு பிழை வாங்கித் தந்தது. அப்போது கம்பெனி மூடி ஏழு ஆண்டுகள்!

நல்ல முடிவும் உண்டு. 2017ல் யூகே புதுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். டோவாபிளானின் பழைய ஆட்டங்களின் உரிமை அதனிடம் சேர்ந்தது. கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் "டாட்சுஜின்". கைதேர்ந்தவன்! ஒரு காலத்தில் திரையில் தம் பெயரைப் போட முடியாத தொழிலாளி, தாம் செய்த ஆட்டத்தின் பெயரையே வாசலில் பலகையாக மாட்டிவிட்டார்.

வல்லார்பாடத்தில் லாரி வரிசை நகர்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பையன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி ஏறுகிறான். இன்றைக்கு அவன் கற்றுக்கொண்டிருப்பதும் ஒரு கைத்தொழில்தான். எந்த முதலாளி கடையை மூடினாலும், அதை மட்டும் அவனிடமிருந்து யாரும் இறக்கிக் கொள்ள முடியாது.