பழைய சம்பள செக்கை கிழித்து விடாதீர்கள்! தேதி போனாலும் பணம் உங்களுக்குத்தான்

வேலையை விட்டு நின்றபோது கணக்கு முடித்து கம்பெனியில் கொடுத்த செக். ஊருக்கு கிளம்புகிற அவசரத்தில் பேங்கில் போட மறந்து போச்சு. ஒரு வருஷம் கழித்து வீடு மாறும்போது ரேஷன் கார்டு கவருக்குள் இருந்து அது எட்டிப் பார்க்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியிலும், அம்பத்தூர் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு சொந்த ஊருக்கு திரும்புகிறவர்களுக்கு இப்படி நடப்பது உண்டு. "தேதி போன செக் வெறும் காகிதம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, ஒரு மாத உழைப்பு குப்பைக்கு போய் விடுகிறது.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. செக்தான் காலாவதி ஆகிறது. சம்பள பாக்கி அப்படியே நிற்கிறது.

3 மாதம்தான் ஆயுள்

முன்பு செக்குக்கு 6 மாதம் ஆயுள் இருந்தது. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2012 ஏப்ரல் 1 முதல் அது 3 மாதமாக குறைந்து விட்டது. செக்கில் எழுதியுள்ள தேதியில் இருந்து கணக்கு. கையில் வாங்கிய நாளில் இருந்து அல்ல. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

தேதி போன செக்கை "போட்டுத்தான் பார்ப்போமே" என்று போட்டால் திரும்பி வரும். அதற்கு பேங்க் கட்டணமும் பிடிக்கக்கூடும்.

ரொம்ப பழைய செக் என்றால் வேறு சிக்கலும் உண்டு. சி.டி.எஸ். முறைக்கு மாறாத பழைய ரக செக்குகளை கிளியரிங்கில் எடுப்பது 2018 டிசம்பர் 31-ந்தேதியோடு நின்று விட்டது. சிண்டிகேட் பேங்க், ஆந்திரா பேங்க், கார்ப்பரேஷன் பேங்க், அலகாபாத் பேங்க் ஆகியவை 2020-ல் வேறு பேங்குகளோடு இணைந்து விட்டன. அந்த பெயர் போட்ட செக்கை இப்போது எந்த கவுண்டரில் நீட்டினாலும் பணம் வராது.

தேதியை திருத்தாதீர்கள்

சிலர் பேனாவை எடுத்து "3"-ஐ "8" ஆக்கி விடுகிறார்கள். இது விபரீதம். செக் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் தேதியை மாற்றினால் அந்த செக் செல்லாது என்பதோடு, மோசடி வழக்கும் வந்து சேரும். நியாயமாக வர வேண்டிய பணத்துக்கு போய் போலீஸ் ஸ்டேஷன் ஏற வேண்டுமா?

கம்பெனிக்காரரே தேதியை திருத்தி கையெழுத்து போட விதியில் இடம் உண்டு. ஆனாலும் புது செக் வாங்குவது, அல்லது அக்கவுண்டில் நேராக போடச் சொல்வதுதான் தலைவலி இல்லாத வழி.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் செக்கை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். பிறகு பழைய கம்பெனியின் கணக்கு பிரிவுக்கு ஒரு கடிதம். வேலை பார்த்த காலம், செக் எண், தேதி, தொகை, "பேங்கில் போடவில்லை, புது செக் தரவும்" என்ற ஒரு வரி. இது போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வைக்க வேண்டும்.

"நீங்கதான் செட்டில்மெண்ட் வவுச்சரில் கையெழுத்து போட்டுட்டீங்களே" என்று ஆபீசில் மடக்குவார்கள். பயப்பட வேண்டாம். செக் கொடுத்ததாலேயே பணம் கொடுத்ததாக ஆகி விடாது. அந்த செக் எண்ணுக்கு பணம் போகவில்லை என்பது கம்பெனியின் சொந்த பேங்க் ஸ்டேட்மெண்டிலேயே தெரியும். அதை பார்க்கச் சொல்லுங்கள்.

புது செக் கைக்கு வரும் வரை பழைய செக்கின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் உங்கள் கையில் உள்ள ஆதாரம்.

கெடு 3 ஆண்டு

பாக்கி நிற்கிறது என்பதற்காக ஆற அமர இருக்க முடியாது. சம்பள பாக்கிக்கு கோர்ட்டில் வழக்கு போட, அது சேர வேண்டிய நாளில் இருந்து 3 ஆண்டு கெடு. அதற்குள் "இந்த பாக்கி உள்ளது" என்று முதலாளி எழுதி கையெழுத்து போட்டுக் கொடுத்தால், அந்த தேதியில் இருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். வாயால் "பார்க்கலாம்பா" என்று சொன்னது கணக்கில் வராது.

தொழிலாளர் துறையில் மனு கொடுக்க பழைய சட்டத்தில் 12 மாதம்தான் அவகாசம். 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த ஊதிய சட்டத் தொகுப்பில் இது 3 ஆண்டாக உயர்ந்துள்ளது. வேலையை விட்டவருக்கு 2 வேலை நாளில் சம்பளத்தை தந்து விட வேண்டும் என்றும் அதில் உள்ளது.

தேதி போன செக்கை வைத்து செக் மோசடி வழக்கு போட முடியாது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். ஆனால் புதிதாக தரும் செக் பணம் இல்லாமல் திரும்பினால் கதை வேறு. பேங்க் தகவல் கிடைத்த 30 நாளில் நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்தில் வழக்கு போடலாம். 2 ஆண்டு வரை ஜெயில், செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம்! புது செக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வக்கீலுக்கு கொடுக்க காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

கம்பெனியே மூடிட்டாங்களே?

தனி முதலாளி என்றால் போர்டை கழற்றினாலும் பாக்கிக்கு அவர்தான் பொறுப்பு. கூட்டு வியாபாரம் என்றால் பங்குதாரர்கள் அத்தனை பேரும் பொறுப்பு. லிமிடெட் கம்பெனி திவாலாகி சொத்தை விற்கும் நிலைக்கு வந்திருந்தால், அதற்கு நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கெடு முடிவதற்குள் மனு கொடுக்க வேண்டும். தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கிக்கு, கடன் கொடுத்த பேங்குக்கு சமமான இடம் அங்கே உண்டு.

பலருக்கும் தெரியாத ஒரு கதவும் இருக்கிறது. தமிழ்நாடு தொழிலாளர் நல நிதி சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள், 3 ஆண்டாக யாரும் வாங்காத சம்பளத்தையும் போனசையும் தாங்களே வைத்துக்கொள்ளக் கூடாது. தொழிலாளர் நல வாரியத்தில் கட்டி விட வேண்டும். "உங்க பணத்தை அப்பவே வாரியத்தில் கட்டியாச்சு" என்று பழைய கம்பெனி சொன்னால், கட்டிய விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாரியத்தில் விசாரிக்கலாம்.