இதயத்துக்கு வழிகாட்டும் கொழுப்பு

துறையூரைத் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனால் புளியஞ்சோலை. மலையிலிருந்து இறங்கும் நீர் பாறைகளுக்கிடையே தேங்கும் இடமெல்லாம் விடுமுறை நாளில் குளிப்பவர்கள் கூட்டம். இதுபோலத் தெற்காசியாவில் ஓடும் ஆழமில்லாத ஓடைகளும் வயலோர நீரும்தான் வரிக்குதிரை மீனின் பிறந்த வீடு. இந்தியாவில் அதன் இயற்கை வாழ்வை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அருணாசலமும் குழுவினரும் 2013இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத இந்த மீன், இதயம் உருவாவதில் கொழுப்புக்குள்ள பங்கைக் கண்ணெதிரே காட்டியது.

அதன் கரு கண்ணாடிபோலத் தெளிவானது. இதயமாகப் போகும் செல்கள் உடலின் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் தோன்றி, நடுவே நகர்ந்துவந்து ஒரே குழாயாக இணைகின்றன. கருவுற்ற ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அது துடிக்கத் தொடங்குகிறது. ஒரு மரபணு பழுதான கருக்களிலோ இரண்டு பக்கமும் தனித்தனியே இரண்டு இதயங்கள்!

2000இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது. ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் கொழுப்பு மூலக்கூறு தரும் செய்தியைப் பெறும் ஏற்பியை உருவாக்குவது அந்த மரபணுதான். வியப்பு இதற்கு அடுத்து வந்தது. பழுதான கருவின் இதயச் செல்களை நல்ல கருவில் வைத்தால் சரியாக நடுவுக்குப் போயின; நல்ல செல்களைப் பழுதான கருவில் வைத்தால் தவித்து நின்றன. ஆக, கோளாறு பயணிகளிடம் இல்லை, வழியில்தான். பின்னாளில் இன்னொன்றும் தெரிந்தது: மஞ்சள் கருவை ஒட்டிய அடுக்கிலுள்ள ஒரு கடத்திப் புரதம் இந்தக் கொழுப்பை வெளியே அனுப்பாவிட்டாலும் இதயம் இரண்டாகவே நிற்கிறது.

ரத்தக்குழாய்க்கும் இதே செய்தி வேண்டும். இந்தக் கொழுப்பின் மற்றோர் ஏற்பி இல்லாத எலிக் கருக்களில் குழாய்கள் உருவாகின்றன; அவற்றைச் சுற்றித் தசைச் செல்கள் முழுமையாகப் போர்த்துவதில்லை. ரத்தம் கசிந்து கரு இறந்துவிடுகிறது.

கொழுப்பு என்றதும் மாரடைப்பு மட்டுமே நினைவுக்கு வருவது அரைகுறை அறிவு. பெரியவர்களின் ரத்தத்திலும் இந்த மூலக்கூறு ஓடுகிறது. அதில் பெரும்பகுதியைச் சுமப்பது ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் துகள்கள். இந்த மூலக்கூறின் ஏற்பிகளைக் குறிவைக்கும் ஃபிங்கோலிமோட் மாத்திரைக்கு 2010இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது நரம்புறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோய்க்கான மருந்து. ஆனாலும் முதல் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், நோயாளியை 6 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள்.